மூன்றாவது முடிச்சு

எனக்கு வந்த நோயின் பெயரைச் சொல்லவே வெகுநாள் கூச்சப்பட்டேன். மூலம். மலாயில் புவாசிர் என்பார்கள். சர்க்கரை, பிரஷர், இருதயம் என்றால் கோயிலில் நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ளலாம். மூலம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். என்னைப் போலச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிற பெண்கள் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததும் தெரியட்டும்.

நான் ஜொகூர் பாருவை அடுத்த உலு திராமில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இருட்டோடு கிளம்பினால் காலைப் பள்ளி, மதியப் பள்ளி, டியூஷன் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கி வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வழியில் அவசரம் என்றால் பிள்ளைகளை வேனில் விட்டுவிட்டு எங்கே ஓடுவது? அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். வயிறு கல்லாகிப் போனது. முக்கி முக்கி ஒரு நாள் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் விட்டுவிட்டேன். பிறகு சதை வெளியே இறங்க ஆரம்பித்தது. முதலில் தானாக உள்ளே போனது. அப்புறம் விரலால் தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் தள்ளினாலும் போகவில்லை. சரோங்குக்கு உள்ளே இன்னொரு துணியை மடித்து வைத்துக்கொண்டு வேன் ஓட்டினேன்.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அன்றைக்குத்தான் என் கணவர் செல்வராஜுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். கோயில் கமிட்டியில் செயலாளர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நம்ம கபிலன் இருக்கான்ல? அவன்கிட்டயே போலாம்" என்றார்.

கபிலன் அவருடைய அண்ணன் மகன். சாஆ என்கிற ஊரில் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே, பிறந்து வளர்ந்த பிள்ளை. அப்பா செத்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். நான் சமைத்ததைத்தான் சாப்பிட்டான். டியூஷனுக்கு என் வேனில்தான் போனான். இன்றைக்கு ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவன். அவன் படித்து வந்ததில் என் கணவருக்கு இருக்கிற பெருமைக்கு அளவே கிடையாது. அண்ணன் பிள்ளையைத் தூக்கிவிட்டேன் என்பதுதான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் வளர்த்த பிள்ளை முன்னால் போய் எப்படிப் படுப்பது? கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அவனே வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். "சித்தி, எனக்கு இது தினமும் பார்க்கிற வேலை. உங்களுக்கு வெக்கமா இருந்தா கண்ண மூடிக்குங்க. நான் பேசிட்டே இருக்கேன்" என்றான். கையுறை போட்டு விரலால் பார்த்தான். வெளிச்சம் வைத்த சின்னக் குழாயால் பார்த்தான். இன்னொரு நாள் பெருங்குடல் முழுக்க கேமரா விட்டுப் பார்த்தான். புற்றுநோய் இல்லை என்று அவன் சொன்னபோதுதான், எத்தனை மாதமாக அந்தப் பயத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

ஒரு தாளில் படம் போட்டு விளக்கினான். ஆசனவாய்க்கு உள்ளே எல்லோருக்கும் மெத்தை மாதிரிச் சதை இருக்கிறதாம். அதில் முழுக்க ரத்தக் குழாய்கள். அது வீங்கிக் கீழே இறங்கினால் மூலம். எனக்கு மூன்று இடத்தில் இறங்கி, இனி மருந்துக்கு அடங்காத நிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சதைக்கும் வேரில் ஒரு ரத்தக் குழாய் வருகிறது. அந்த வேரை நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, சதையை வெட்டி எடுக்க வேண்டும்.

"முடிச்சு நழுவினா?" என்று கேட்டேன்.

"நழுவினா ரத்தம் வரும். அபூர்வம் சித்தி. நல்லா இறுக்கிக் கட்டுவேன்."

"நீயேதானே செய்வே? வேற யாரும் கை வைக்கக் கூடாது. வேற யாராவது வெச்சா நான் வரல."

"வேற யாரு? நானேதான்."

அந்த வார்த்தையை நம்பித்தான் சம்மதித்தேன்.

ஆபரேஷன் அன்று முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. கால்களைத் தூக்கிக் கட்டி, நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரையாக மாட்டினார்கள். தூங்குவதற்குக் கொஞ்சம் மருந்து கொடுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிர், வானொலியில் ஏதோ மலாய்ப் பாட்டு, இரும்புத் தட்டில் கத்தரி விழுகிற சத்தம். எல்லாம் கேட்டது.

கபிலன் சொன்னபடியே பேசிக்கொண்டே இருந்தான். "ஒண்ணு முடிஞ்சிருச்சு, சித்தி." கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு முடிஞ்சிருச்சு." பிறகு ஒரு கைத்தொலைபேசி ஒலித்தது. அவன் குரல் தணிந்து, யாரிடமோ ஆங்கிலத்தில், மூன்றாவதை நீ முடித்துவிடு, எனக்கு நேரமாகிவிட்டது என்றான். கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை. ஓர் இளம் பெண்ணின் குரல்தான் வந்தது. "சிகிட் லாகி யா, ஆன்ட்டி." இன்னும் கொஞ்சம்தான் என்று மலாயில் ஆறுதல் சொன்னாள். நல்ல குரல். ஆனால் கபிலனுடைய குரல் இல்லை.

வார்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்து அவன் வந்து நின்றான். உடை மாற்றி, தலை சீவியிருந்தான்.

"எல்லாம் நல்லா முடிஞ்சது சித்தி. மூணும் நல்லா கட்டியாச்சு."

"அந்தப் பொண்ணு யாருப்பா?"

"அசிஸ்டன்ட். நூல் வெட்டிக் கொடுக்கிறவங்க" என்று சொல்லி என் சொட்டுமருந்துக் குழாயைச் சரிசெய்தான். சரியாக இருந்த குழாய் அது.

அன்று சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்த நேரத்தில் வயிற்றைப் பிசைந்துகொண்டு வந்தது. வெளியே போக வேண்டும் போல இருந்தது. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் வந்து பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, நன்றாக இருக்கிறது என்றாள். என் கணவர் தோளைப் பிடித்துக் கழிவறைக்குப் போனேன். உட்கார்ந்ததும் பொத்தென்று கட்டி கட்டியாக விழுந்தது. மலம் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்த என் கணவர் "அலமாக்" என்று மலாயில் பதறியது மட்டும் நினைவிருக்கிறது. அப்புறம் தரை.

பிறகு விளக்கினார்கள். வேரில் ரத்தம் கசிந்தால் அது வெளியேதான் வரவேண்டும் என்று இல்லை. ஆசனவாய் இறுகி இருப்பதால் மேலே குடலுக்குள்ளேயே தேங்கும். பஞ்சு சுத்தமாக இருக்கும், உள்ளே ரத்தம் நிறைந்துகொண்டிருக்கும். உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், இந்த முறை முழு மயக்கம் கொடுத்து, உறைந்த ரத்தத்தை எல்லாம் கழுவி எடுத்துத் தேடியிருக்கிறார்கள். மூன்றாவது இடம். முடிச்சு நழுவி, குழாயின் வாய் திறந்திருந்தது. ஊசியால் தைத்து அடைத்தார்கள். யாரோ கொடுத்த ரத்தம் பை பையாக எனக்குள் இறங்கியது.

கண் விழித்தபோது என் கணவர் பக்கத்தில் இருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"மூணாவது கபி கட்டலங்க. போயிட்டான். அந்தப் பொண்ணுதான் கட்டுச்சு. நான் கேட்டேன்."

அவர் என் நெற்றியைத் தடவினார். "பேசாம படு. மருந்து மயக்கத்துல கனவு கண்டிருப்பே."

"இல்லங்க. கேட்டேன்."

"அப்படித்தான் தோணும், மல்லிகா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம்."

நான் அவரை நம்பினேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மனிதர் அந்த நாட்களில் எனக்குச் செய்ததை இன்னொருவர் செய்ய மாட்டார். ரத்தம் பட்ட என் சரோங்கை மிஸ்ஸியிடம் கொடுக்காமல், தானே குழாயடியில் நின்று கையால் துவைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு முறை நான் கழிவறைக்குப் போய் வந்ததும் பெரிய பேசினில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். அதில் உட்கார்ந்தால்தான் வலி அடங்கும். கண்ணாடித் துண்டுகள் அறுத்துக்கொண்டு போவது மாதிரியான வலி. நான் உள்ளே அழுவேன். அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "போயிரும், போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பப்பாளியை வெட்டி விதை எடுத்து, முள்கரண்டி குத்தித் தருவார். சமையலே தெரியாதவர், கைத்தொலைபேசியைப் பார்த்துக் கீரை கடைந்தார்.

இப்படிப்பட்டவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

ஆனாலும் அந்தக் குரல் என்னை விடவில்லை. "சிகிட் லாகி யா, ஆன்ட்டி." படுத்தால் கேட்டது. இரண்டு மூன்று முறை அவரிடம் மறுபடி சொன்னேன். ஒவ்வொரு முறையும் கோபப்படாமல், பொறுமையாக, "கனவுமா" என்றார். பார்க்க வந்த உறவுக்காரர்களிடமும் கோயில்காரர்களிடமும் அதைக் கதையாகச் சொன்னார். "மல்லிகா மயக்கத்துல ஒரு டாக்டரையே உண்டாக்கிட்டா, தெரியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது தையல் இழுத்தது.

அதற்குப் பிறகு என் காதை நானே நம்பவில்லை. வலி குறைந்து, வேனை எடுக்கலாம் என்ற நிலை வந்தபோது ஒரு காலை வண்டியைக் கிளப்பினேன். பின்னால் ஒரு பிள்ளை கூப்பிட்ட மாதிரி இருந்தது. நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் யாரும் கூப்பிடவில்லை. மதியம் உண்மையிலேயே ஒருத்தி கூப்பிட்டபோது, இதுவும் என் மனசுதான் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனேன். அந்தச் சின்னப்பெண் அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம் என்று அழுதாள். அன்றைக்கே சாவியைத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து, கொஞ்ச நாள் நீ ஓட்டு என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாட முடியாது. மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். என் கணவரிடம் அதைச் சொல்லி அழுதேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போதும் அந்தக் கையின் சூடு முதுகில் தெரிகிறது. அப்போது அவர் வாயைத் திறந்திருக்கலாம்.

புண் ஆறியது. ஆனால் ஆறின விதம் சரியில்லை. மலம் பென்சில் மாதிரி மெலிந்து, கஷ்டப்பட்டு வந்தது. கபிலனிடம் காட்டப் போனோம். அவன் பார்த்துவிட்டு, ரத்தத்தை நிறுத்த மறுபடி தைத்த இடத்தில் தழும்பு சுருங்கி வழியை இறுக்கிவிட்டது, விரித்துவிட வேண்டியிருக்கும் என்றான். சொல்லும்போது தலை குனிந்திருந்தான். எனக்கு அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது. அவனைத் தேற்றுவதற்காகத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"நீ என்னப்பா செய்வே? நல்லாத்தான் கட்டினே. நான் கிறுக்கு மாதிரி, வேற யாரோ பொண்ணு கட்டுச்சுன்னு இவர்கிட்ட உளறிக்கிட்டு இருந்தேன். மயக்கத்துல வந்த கனவாம்."

கபிலன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு என் கணவரைப் பார்த்தான்.

"சித்தப்பா சொல்லலையா?"

என் கணவர் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லல?" என்றேன்.

"மூணாவது நான் பண்ணல சித்தி. உங்களுக்கு ரத்தம் வந்த அன்னைக்கே, தியேட்டருக்கு வெளியே வெச்சு சித்தப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நானே சித்திகிட்ட சொல்லி மன்னிப்பு கேக்கிறேன்னு சொன்னேன். நீ சொல்லாத, நான் பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு. சொல்லிட்டாருன்னுதான் நான் இத்தனை நாளா..."

மேலே அவன் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காரில் அவர்தான் ஓட்டினார். தெப்ராவ் சாலையில் நெரிசல். வண்டிகள் நகரவில்லை. இறங்கி நடக்கவும் முடியாத இடம்.

"என்னை கிறுக்கின்னு ஊரெல்லாம் சொன்னீங்க."

"கிறுக்கின்னு எப்ப சொன்னேன்? கனவுன்னுதான் சொன்னேன்."

"தெரிஞ்சே சொன்னீங்க."

"மல்லிகா, அவன் அண்ணன் பிள்ளை. உனக்குத் தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்ட. ஆஸ்பத்திரியில போய் கம்ப்ளெயின் பண்ணுவ. அவன் வாழ்க்கை போயிரும் லா."

"பண்ணியிருப்பேனோ என்னவோ. அத நான்ல முடிவு பண்ணணும்?"

"இப்ப என்ன ஆயிருச்சு? நீ பொழச்சிட்டியே."

"வேன் சாவியைக் குடுத்துட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்து அழுதேனே, அப்ப கூடவா சொல்லத் தோணல?"

அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற லாரியையே பார்த்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு தடவை கனவுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல" என்றார்.

அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை என்பதால் எனக்கு வலி குறையவில்லை. துரோகம் செய்கிறவர் வேறு மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். எனக்காக உப்புத் தண்ணீர் சூடு பண்ணுகிற கை அதைச் செய்யும் என்று யோசித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கபிலன் தனியாக வந்தான். அவனுக்கு இன்னொரு மருத்துவமனையிலும் ஆபரேஷன் இருந்ததாம். அதற்குத் தாமதமாகிறது என்று போயிருக்கிறான். "உயிர் போற அவசரம் ஒண்ணும் இல்ல சித்தி. போகாம இருந்திருக்கலாம். அப்புறம் உங்க முகத்தப் பாத்ததும் பொய் வந்திருச்சு" என்று சொல்லி அழுதான். அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இனி நீ எனக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம் என்றும், நான் புகார் கொடுக்கப் போகிறேன் என்றும் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தலையாட்டினான்.

புகார் கொடுத்தேன். மருத்துவமனையில் கூப்பிட்டு விசாரித்தார்கள். கபிலன் எதையும் மறைக்கவில்லை. அவனைக் கண்டித்தார்கள். கொஞ்ச காலம் அவன் ஆபரேஷன்களை இன்னொரு மூத்த மருத்துவர் மேற்பார்வை செய்தார். இப்போது பழையபடி வேலை செய்கிறான். அவன் வாழ்க்கை எங்கேயும் போகவில்லை.

அந்த விசாரணை முடியும்வரை என் கணவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோயிலிலிருந்து நாலு பேர் வந்து, வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். அந்த நாலு பேரும் என் கனவுக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள்.

வேனை மறுபடி நானே எடுத்தேன். முதல் நாள் பின்னால் இருந்து ஒரு பையன் "ஆன்ட்டி, தண்ணி போத்தல் விழுந்திருச்சு" என்றான். நிறுத்திப் பார்த்தேன். போத்தல் உண்மையாகவே விழுந்து கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

தழும்பை விரிப்பதற்கு அரசு மருத்துவமனைக்குப் போனேன். காத்திருப்பு அதிகம், நாற்காலி கிடைக்காது, அது வேறு கதை. அங்கே இருந்த பெண் மருத்துவரிடம், அந்த மூன்றாவது முடிச்சைக் கபிலனே போட்டிருந்தால் ரத்தம் வந்திருக்காதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்ல முடியாது. ரொம்ப அனுபவம் உள்ளவர் கட்டினாலும் சில நேரம் நழுவும். யார் கையிலும் நடக்கலாம்" என்றார். ஆக, ரத்தத்துக்கு நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதைக் கேட்டதும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. என் மனசில் தைத்திருந்தது ரத்தம் இல்லையே.

ஆஸ்பத்திரியில் சேரப் போன அன்று என் கணவரும் வந்தார். சிங்கப்பூரில் வேலை செய்கிற என் மகள் கவிதா விடுப்பு எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். முகப்பில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துக் கணினியில் தட்டினாள். மயக்கத்தில் இருக்கும்போது ஏதாவது ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும், மருத்துவர் யாரிடம் பேச வேண்டும் என்று அவளுக்கு ஒரு பெயர் வேண்டும்.

"வாரிஸ் சியாப்பா, மக்சிக்?" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் என் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்துவிட்டு, விடை தெரிந்த மாதிரி, "சுவாமி?" என்றாள். மலாயில் கணவரை அப்படித்தான் சொல்வார்கள்.

என் கணவர் தன் அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டார்.

"இல்ல. அனாக்" என்றேன். "மக."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கவிதாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவளுடைய எண்ணைச் சொன்னேன். என் கணவர் சட்டைப்பையிலிருந்து கையை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையோடு போய், சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்று சொல்லவில்லை, வலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் கண் விழித்தபோது கவிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். வழியை விரித்துவிட்டார்கள், ரத்தம் இல்லை. செய்தது அந்தப் பெண் மருத்துவரேதான், ஆரம்பம் முதல் கடைசி வரை. இன்னொரு விஷயமும் சொன்னாள். தழும்பு மறுபடி சுருங்கலாம், திரும்ப ஒரு முறை வர வேண்டியிருக்கலாம், சில மாதத்துக்கு அவசரத்தை அடக்குவது கஷ்டமாக இருக்கும் என்று. அதைச் சொல்ல அவளுக்கு மனசில்லை. இருந்தாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.